கொழும்பில் தமிழ் மொழிமூல உயர்தரம்: பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாதாரண தரப் பெறுபேறு வந்த அடுத்த நாளே வீட்டில் கேள்விகள் தொடங்கிவிடும். எந்தப் பாடசாலை, எந்தப் பிரிவு, எவ்வளவு செலவு, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எவ்வளவு வேண்டும்? பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது பாடசாலையின் பெயர்தான். கேட்கும் ஒழுங்கைச் சற்று மாற்றினால் நல்லது. பிள்ளைக்கு எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மூன்று பாடங்களின் சேர்க்கை. அந்த மூன்றையும் தமிழில் ஒழுங்காகக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்பது இரண்டாவது. பெயர் அதற்குப் பிறகு.

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உள்ள அரச பாடசாலைகள் எவை?

எல்லாவற்றையும் இங்கே அடுக்க முடியாது. அதிகம் விசாரிக்கப்படுபவை: கொழும்பு 7இல் றோயல் கல்லூரியும் டி.எஸ். சேனாநாயக்க கல்லூரியும், ஹெவ்லொக் டவுனில் இசிப்பத்தன கல்லூரி, பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, முஸ்லிம் மகளிர் கல்லூரி, இரத்மலானையில் இந்துக் கல்லூரி, கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா கல்லூரி. முதல் மூன்றிலும் சிங்கள மொழிமூல வகுப்புகளோடு தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் 'இந்தப் பாடசாலையில் அந்தப் பாடம் உண்டு' என்ற பதில் போதாது. தமிழ் வகுப்பில் உண்டா என்று கேட்க வேண்டும்.

1ஏபி, 1சி என்கிறார்களே, அது என்ன?

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் நடத்தும் பாடசாலை 1ஏபி. கலை, வணிகம் மட்டும் நடத்துவது 1சி. வகை 2 பாடசாலை 11ஆம் தரத்தோடு நின்றுவிடும், அங்கே படிக்கும் பிள்ளை உயர்தரத்துக்கு எப்படியும் இடம் மாறியாக வேண்டும். தேசிய பாடசாலை, மாகாண பாடசாலை என்பது வேறு விஷயம்: முன்னது கல்வி அமைச்சின் நேரடி நிர்வாகத்தில், பின்னது மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். இந்த வேறுபாடு யாரிடம் விண்ணப்பிப்பது, யாரிடம் முறையிடுவது என்பதில்தான் உங்களுக்குத் தேவைப்படும். தேசிய பாடசாலை என்பதாலேயே கற்பித்தல் சிறந்தது என்று ஆகிவிடாது.

உயர்தரத்தில் சேரக் குறைந்தபட்சம் என்ன பெறுபேறு வேண்டும்?

பொதுவான அளவுகோல்: முதல்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி, அவற்றில் 3 திறமைச் சித்தி. சாதாரண தரத்தில் 35 புள்ளிக்கு எஸ், 50க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ. சி முதல் மேலே உள்ளவையே திறமைச் சித்தியாகக் கணக்கில் வரும்.

இது வாசலைத் தாண்டுவதற்கான அளவு மட்டுமே. கேள்வி கூடிய பாடசாலைகள் பிரிவுக்குரிய பாடங்களில் கிடைத்த தரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தும். கணிதத்தில் எஸ் எடுத்த பிள்ளை இணைந்த கணிதம் கேட்டு நேர்முகத்துக்குப் போனால் அதிபர் தலையசைக்கமாட்டார். அசைத்தாலும் சேர்க்காதீர்கள். முதல் தவணையிலேயே பிள்ளை தடுமாறும்.

விண்ணப்பிக்கும் முறை என்ன? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

படித்த பாடசாலையிலேயே உயர்தரம் தொடர்வதென்றால் அதிபரிடம் விண்ணப்பப் படிவம் பெற்றுக் கொடுத்தால் போதும். வேறு பாடசாலைக்கு என்றால், தேசிய பாடசாலைகளுக்கான அறிவித்தலையும் முடிவுத் திகதியையும் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். மாகாண பாடசாலைக்கு நேரே அதிபரிடமோ வலயக் கல்விப் பணிமனையிலோ கேட்கலாம். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என நான்கு வலயங்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பிலியந்தலைக்குப் போய் வரிசையில் நிற்பவர்களும் உண்டு. பாடசாலை எந்த வலயத்தில் என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள்.

நேர்முகத்துக்கு: பிறப்புச் சான்றிதழ், பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் எடுத்த பெறுபேற்றுப் பிரதி, படித்த பாடசாலையின் மாணவர் பதிவேட்டுப் பிரதி, நற்சான்றிதழ், வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், விளையாட்டு, தமிழ்த்தினம், சாரணியம் முதலியவற்றின் சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் மூலப் பிரதி ஒன்று, நிழற்பிரதி இரண்டு. கிராம உத்தியோகத்தரைச் சந்திக்கும் நாள்கள் வாரத்தில் சிலவே என்பதால் அந்தக் கடிதத்தை முதலில் எடுத்துவையுங்கள்.

இனி மிக அதிகமாக நடக்கும் பிழை. புதிய பாடசாலையில் இடம் 'கிட்டத்தட்ட உறுதி' என்று யாரோ தொலைபேசியில் சொன்னதை நம்பிப் பழைய பாடசாலையில் விலகல் சான்றிதழை எடுத்துவிடுகிறார்கள். பட்டியலில் பெயர் வரவில்லை. பழைய இடமும் நிரம்பிவிட்டது. பிள்ளை இரண்டு மாதம் வீட்டில். அனுமதிக் கடிதம் எழுத்தில் கைக்கு வரும்வரை விலகல் சான்றிதழைத் தொடாதீர்கள்.

மெத்ஸ் எடுத்தால் இரசாயனவியலா, ஐ.சி.டி.யா?

பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் நிலையானவை. மூன்றாவதாக இரசாயனவியல் அல்லது தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் (ஐ.சி.டி.). இரசாயனவியலை விட்டால் மொறட்டுவை, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடக் கதவு மூடிவிடும். பொறியியல் பட்டத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். கணினி விஞ்ஞானம், தகவல் தொழினுட்பம் பக்கம் போக நினைப்பவருக்கு ஐ.சி.டி. போதும். இரசாயனம் கஷ்டம் என்று ஐ.சி.டி.க்கு மாறி, 13ஆம் தரத்தில் 'எனக்கு சிவில் எஞ்சினியரிங்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு உதவ வழியே இல்லை. பாடம் மாறுவதானால் 12ஆம் தரத்தின் முதல் சில வாரங்களுக்குள் மாற வேண்டும்.

உயிரியல் பிரிவிலும் இதே பொறி. பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். எடுத்தால் மருத்துவம் இல்லை. 'பயோ என்றால் டொக்டர்' என்று நினைத்து வீட்டார் இருக்க, பிள்ளை விவசாய விஞ்ஞானம் படித்துக்கொண்டிருப்பது கற்பனை அல்ல.

தொழினுட்பப் பிரிவு மட்டமானதா?

இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2013இல் தொடங்கிய பிரிவு இது, முதற் பரீட்சை 2015இல். தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் எல்லோருக்கும் கட்டாயம். அதோடு பொறியியல் தொழினுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பம். மூன்றாவது ஒரு பட்டியலிலிருந்து: ஐ.சி.டி., பொருளியல், புவியியல், கணக்கீடு, ஊடகம் எனப் பல. தகவல் தொழினுட்பப் பட்டத்தை மனதில் வைத்திருப்பவர் மூன்றாவதாக ஐ.சி.டி. எடுக்க வேண்டும்.

பட்டங்கள் தொழினுட்பவியல் பீடங்களில் கிடைக்கும். கொழும்புப் பல்கலைக்கழகம், ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம் எனப் பல இடங்களில் உண்டு. ஆனால் இது பொறியியல் பட்டத்துக்குக் குறுக்குவழி அல்ல. தொழினுட்பவியல் பட்டம் வேறு, பொறியியல் பட்டம் வேறு.

பொறியியல் தொழினுட்பத்தில் குடிசார், பொறிமுறை, மின் ஆகிய மூன்று துறைகளும் வரும். செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஆகவே பாடசாலைக்குப் போகும் நாளில் வேலைத்தளத்தைக் காட்டும்படி கேளுங்கள். கடைசல் இயந்திரத்தில் தூசி படிந்து பிளாஸ்டிக் உறை போர்த்தியபடி கிடந்தால் அதுவே பதில். மல்டிமீற்றர் எத்தனை, அதில் பற்றரி உள்ளவை எத்தனை என்றும் கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். கட்டடமும் கருவியும் இருந்து தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாமல் போவதுதான் இந்தப் பிரிவின் வழமையான குறை. ஆசிரியர் யார், நிரந்தரமா, இணைப்பில் வந்தவரா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வணிகம், கலை?

வணிகத்தில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றையும் சேர்த்து எடுப்பதே பாதுகாப்பு. கணக்கீட்டுக்கு டியூஷனுக்கு ஓடாமல் பாடசாலை ஆசிரியரிடமே பயிற்சி வினாக்களைத் திருத்தி வாங்கும் பிள்ளை நன்றாகச் செய்யும்.

கலைப் பிரிவில் பிடித்த மூன்றை அப்படியே எடுத்துவிட முடியாது. பாடங்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சமூக விஞ்ஞானங்கள் அடங்கிய தொகுதியில் ஒன்றாவது இருக்க வேண்டும். சமயம், நாகரிகம் பக்கம் இரண்டுக்கு மேல் கூடாது, அழகியலிலும் அப்படியே. நடனம், சங்கீதம், நாடகம் எடுத்தால் செய்முறைப் பரீட்சை தனியாக நடக்கும். 'கலை இலகு' என்ற பேச்சை நம்பி வருபவர்களுக்கு அளவையியல் தாள் முதல் தவணையிலேயே பாடம் கற்பிக்கும்.

சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டது. இனி என்ன?

திரும்ப எழுதலாம். அதோடு இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற தொழிற்கல்விப் பிரிவு 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் இதில் சேரலாம். தொழில்சார் பாடங்கள் 26: சிறுவர் உளவியலும் பராமரிப்பும், சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும், உணவு பதனிடல், மின்னும் மின்னணுவும், மோட்டார் வாகனம், அலுமினிய வேலை, வரைகலை வடிவமைப்பு, உள்ளக அலங்காரம், இணையத்தள உருவாக்கம், சுற்றுலாவும் விருந்தோம்பலும் எனப் போகும். முதலில் பொதுப் பாடங்கள், பிறகு தெரிந்தெடுத்த தொழிற் பாடங்கள், 13ஆம் தரத்தில் தொழிற்பயிற்சி நிறுவனமொன்றில் நேரடிப் பயிற்சி. முடிவில் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. மட்டம் 4.

எல்லாப் பாடசாலையிலும் 26உம் இல்லை. இரண்டு மூன்றுதான் இருக்கும், தமிழ் மொழிமூலத்தில் இன்னும் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 13ஆம் தரப் பயிற்சி எந்த நிறுவனத்தில், எந்த மொழியில்? பயிற்றுநர் சிங்களத்தில் மட்டும் பேசுபவராக இருந்தால் பிள்ளைக்கு இரண்டாம் மொழிச் சிங்களம் ஓரளவு கைகொடுக்க வேண்டும். மட்டம் 4க்குப் பிறகு 5, 6 டிப்ளோமா, அதற்கும் மேலே இரத்மலானையிலுள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போக வழி உண்டு.

தமிழில் படிப்பதா, ஆங்கில மொழிமூலத்துக்கு மாறுவதா?

6ஆம் தரத்திலிருந்து இருமொழிக் கல்வி வகுப்பில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளை அப்படியே தொடரலாம். 11ஆம் தரம் வரை முழுக்கத் தமிழில் படித்துவிட்டு 12இல் ஆங்கிலத்துக்குத் தாவுவதைப் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டோம். உயர்தரப் பாடப்பரப்பே மலை போன்றது, அதோடு மொழியையும் சுமக்க வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் ஆங்கிலத்தில்தான் என்பது உண்மை. அதற்கு மருந்து: ஒரு சிறு கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச்சொல், நாளுக்கு ஐந்து.

மொழிபற்றி இன்னொரு எச்சரிக்கை. யூடியூபில் பௌதிகவியல் தேடினால் வருபவற்றில் பாதி தமிழ்நாட்டுக் காணொளிகள். நன்றாகவே கற்பிக்கிறார்கள். ஆனால் கலைச்சொல் வேறு. நம் பாடத்திட்டத்தில் திணிவும் நிறையும். அங்கே திணிவுக்கு 'நிறை', நம் நிறைக்கு 'எடை'. நாம் கதி என்பது அங்கே 'வேகம்'. நாம் வேகம் என்பது 'திசைவேகம்'. ஆர்முடுகல் 'முடுக்கம்' ஆகிறது. நம் சக்தி அங்கே 'ஆற்றல்', நம் வலு அங்கே 'திறன்'. ஒரே சொல் இரு நாட்டில் இரு பொருள் தருவதால் பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்து விளக்கத்தைப் பிழையாக எழுதும். நிறையைக் கிலோகிராமில் எழுதிவிட்டு ஏன் புள்ளி வெட்டினார்கள் என்று கேட்கும். காணொளி பார்க்கட்டும், விடையெழுதும் சொல் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலில் உள்ளதாக இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் குறித்த மொழியிலேயே பரீட்சையில் விடை எழுத வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உயர்தரத்துக்குப் பாடநூல் இலவசமாகக் கிடைக்குமா?

11ஆம் தரம் வரை கிடைத்ததுபோல இல்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்தில் இலவசம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாட விடயங்கள் உண்டு. வெள்ளவத்தைப் புத்தகக் கடையில் தடித்த நூல்களை வாங்கி அடுக்குவதற்கு முன் பாடத்திட்டத்தை அச்சிட்டு எடுங்கள். கடந்த பத்து வருட வினாத்தாள்களும் அவற்றின் புள்ளி வழங்கும் திட்டமும் அடுத்த தேவை.

விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை இல்லையே, ஆய்வுகூடம் அவ்வளவு முக்கியமா?

பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை என்பது உண்மை. அதனால்தான் ஆய்வுகூடப் பாடவேளையை விட்டுவிட்டு டியூஷனுக்குப் போகிறார்கள். ஆனால் பௌதிகவியல் இரண்டாம் தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் பரிசோதனைதான் வருகிறது. கருவியைக் கையில் பிடிக்காத பிள்ளை அங்கே தடுமாறும்.

எடுத்துக்காட்டாக நுண்மானித் திருகுக் கணிச்சி, மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்கும் கருவி. சாதாரணமாக 0.01 மில்லிமீற்றர் வரை அளக்கும். கம்பியை வைக்குமுன் தாடைகளை மூடிப் பூச்சிய வழுவைப் பார்க்க வேண்டும். பிறகு முனையிலுள்ள சிறு திருகைப் பிடித்தே இறுக்க வேண்டும், அது 'டிக் டிக்' என்று வழுக்கியதும் நிறுத்த வேண்டும். பெரிய உருளையைப் பிடித்து இறுக்கினால் மென்மையான கம்பி நசுங்கி வாசிப்புக் குறையும். ஒரே இடத்தில் அளக்காமல் வெவ்வேறு இடங்களிலும் செங்குத்தான இரு திசைகளிலும் எடுத்துச் சராசரி காண வேண்டும், ஏனென்றால் கம்பி எங்கும் சீரான வட்டமாக இராது. 'ஏன்' என்று வினாத்தாள் கேட்பது இதைத்தான்.

இரசாயனத்தில் நியமிப்பு, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் செறிவைக் காண்பது. அளவியின் (கரைசலை விடும் அளவுகுறித்த குழாயின்) நுனியில் காற்றுக்குமிழி நின்றால் அது வெளியேறும்போது அதன் கனவளவும் வாசிப்பில் சேர்ந்து, விடை கூடிவிடும். ஆகவே தொடங்கும் முன் திருகைத் திறந்து கொஞ்சம் ஓடவிட வேண்டும். நிரப்பப் பயன்படுத்திய புனலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு துளி விழும். கரைசலின் வளைந்த மேற்பரப்பான பிறையுருவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறங்காட்டியான பினோத்தலினில் நிலைக்கும் மெல்லிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும், கடும் சிவப்பு வந்தால் தாண்டிவிட்டது. இரண்டு தடவை தன் கையால் செய்த பிள்ளைக்கு இவற்றைப் பாடமாக்கத் தேவையில்லை.

பரீட்சைத் தாள் எப்படி அமையும்?

பெரும்பாலான பாடங்களில் முதலாம் தாள் 50 பல்தேர்வு, 2 மணித்தியாலம். இரண்டாம் தாள் 3 மணித்தியாலம், வாசிப்புக்கு மேலதிகமாக 10 நிமிடம். இணைந்த கணிதம் தனிப்போக்கு: இரண்டு தாளும் எழுத்து, ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். ஏ பகுதியில் 10 வினா, தலா 25. பி பகுதியில் 7இல் 5 வினா, தலா 150. மொத்தம் 1000. ஏ பகுதியின் 250ஐ அலட்சியம் செய்து நேரே பி பகுதிக்குப் பாயும் பழக்கம் பலரிடம் உண்டு. சிறு வினாக்களில் உறுதியாகக் கிடைக்கும் புள்ளியை விட்டுவிட்டு, நீண்ட வினாவின் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இசட் புள்ளி எப்படி வருகிறது? மூன்று ஏ எடுத்தால் போதாதா?

ஒரு பாடத்தில் பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் கண்டு சராசரி எடுப்பதே இசட். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் விளக்கத்துக்கு மட்டும். ஒரு பாடத்தில் 70, சராசரி 50, விலகல் 16 என்றால் 1.25. இன்னொன்றில் 60, சராசரி 36, விலகல் 20 என்றால் 1.2. மூன்றாவதில் 65, சராசரி 45, விலகல் 16 என்றால் 1.25. மொத்தத்தை மூன்றால் வகுக்க 1.2333. இங்கே 60 எடுத்த பாடம் 70 எடுத்த பாடத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்பதைக் கவனியுங்கள். ஏ எத்தனை என்பதைவிட மற்றவர்களுக்கு எவ்வளவு மேலே என்பதே கணக்கு.

பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்கள் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு அந்த 16இல் இல்லை. நுவரெலியா, பதுளை, யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு முதலியவை இருக்கின்றன. ஆகவே ஹட்டனிலிருந்தோ மன்னாரிலிருந்தோ 'நல்ல பாடசாலை' தேடிக் கொழும்புக்குப் பிள்ளையைக் கொண்டுவருமுன் இதை யோசிக்க வேண்டும். எந்த மாவட்டத்தின் கீழ் வருவார் என்பது பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எங்கே படித்தார், எங்கே வசித்தார் என்ற சான்றுகளை வைத்தே முடிவாகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு லொறி பிடியுங்கள்.

அடிப்படைத் தகுதி வேறு: ஒரே அமர்வில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ், பொதுச் சாதாரணப் பரீட்சையில் (உயர்தரத்தோடு எழுதும் பொதுத் தாள், சாதாரண தரம் அல்ல) 30 புள்ளி. பல்கலைக்கழகத்துக்காக மூன்று தடவைகள் மட்டுமே தோற்றலாம்.

பொதுச் சாதாரணப் பரீட்சை, பொது ஆங்கிலம், ஜி.ஐ.டி. இவை தேவையா?

முதலாவது கட்டாயம், 30க்குக் கீழே போனால் நல்ல இசட் இருந்தும் தகுதி இல்லை. பொது ஆங்கிலத்தை எழுதிச் சித்தியடைந்தால் சில துறைகளுக்கும் வேலைகளுக்கும் உதவும். ஜி.ஐ.டி. தகவல் தொழினுட்பத் தேர்வு. சான்றிதழ் பின்னால் பயன்படும்.

பாடசாலைக்குப் போகாமல் டியூஷனை மட்டும் நம்பலாமா?

பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். 13ஆம் தரத்தின் கடைசித் தவணையில் காணாமற்போகும் பிள்ளைகள் வரவேட்டில் 74, 76 என்று நிற்பார்கள். பிறகு பெற்றோர் அதிபரின் அறை வாசலில் நிற்பார்கள். நோய் வந்தால் மருத்துவச் சான்றிதழைத் திரும்பிய அன்றே வகுப்பாசிரியரிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்துத் தேடி எடுத்த கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. காலை 7.30க்கு மணி அடித்துவிடும். பிந்தி வருவதும் எண்ணப்படும்.

பாடத்துக்கு வெளியே என்னென்ன உண்டு? சேர்ந்தால் படிப்புக் கெடாதா?

தமிழ்த்தினப் போட்டிதான் தமிழ்ப் பாடசாலைகளின் பெரிய விழா. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் தாண்டி அகில இலங்கை மட்டம் வரை போகும். பேச்சு, விவாதம், எழுத்தாக்கம், இசை, நடனம், நாடகம், வில்லுப்பாட்டு எல்லாம் உண்டு. குழு நிகழ்ச்சியில் பிள்ளை சேர்ந்தால் ஒத்திகை பின்னேரம் ஐந்து மணி வரை நீளும். விவாத அணிக்கு அப்படியில்லை, ஆனால் வாசிப்பு அதிகம்.

சாரணியத்தில் ஜனாதிபதி விருது, மாணவர் படையணியில் ரந்தம்பே முகாம், இல்ல விளையாட்டுப் போட்டி, இந்து மன்றம், தமிழ் மன்றம், மாணவ முதல்வர் பதவி என நீளும் பட்டியலில் இரண்டு போதும். ஒன்று உடலுக்கு, ஒன்று நாவுக்கு. நேர்முகப் பரீட்சையில் நான்கு சங்கங்களின் பொருளாளர் என்று சொல்பவரைவிட ஒரு நாடகத்தை மாகாணம் வரை கொண்டுபோனவர் தெளிவாகப் பேசுவார்.

செலவு? நன்கொடை கேட்டால்?

1945 முதல் இலவசக் கல்வி. கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கான தொகைபோல எதைக் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உண்மையான செலவு டியூஷன், போக்குவரத்து, நிழற்பிரதி. அனுமதிக்காக மின்விசிறி, ஒளியெறிவி, 'கட்டட நிதி' என்று யாராவது கேட்டால் அது சட்டத்துக்குப் புறம்பு. எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954.

எப்படிப் போய் வருவது?

காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் போகும். மட்டக்குளியிலிருந்து வருபவர்களுக்கு 155 உதவும், ஆனால் காலை நெரிசலில் நேரத்தை நம்ப முடியாது. தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நிலையங்களுக்கு அருகே பாடசாலை என்றால் கரையோர ரயில் சீசன் மலிவும் விரைவும். இ.போ.ச. பஸ்ஸுக்கும் மாணவர் சீசன் உண்டு. அதிபரின் கையொப்பத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். மாணவருக்கான சிசு சரிய பஸ் உங்கள் பாதையில் ஓடுகிறதா என்று பாடசாலையிலேயே கேளுங்கள்.

இசட் போதவில்லை என்றால்?

மூன்று எஸ் இருந்தாலே பல வழிகள்: மட்டக்குளியிலுள்ள உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா, நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வியியற் கல்லூரிகள். தொழில் கையில் வேண்டும் என்பவருக்கு மருதானை தொழினுட்பக் கல்லூரி, மொறட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகம். விண்ணப்பத் திகதிகள் வெவ்வேறு என்பதால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருந்து மற்றவற்றைத் தவறவிடாதீர்கள்.

பெயர் எழுத்துப் பிழை பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'த'வுக்கு ஒருவர் டி, எச் இரண்டும் போடுவார், இன்னொருவர் டி மட்டும். 'ழ'வுக்கு ஒருவர் எல், இன்னொருவர் இசட் எச். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுதாக, ஓரிடத்தில் முதலெழுத்தாக. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ், கடவுச்சீட்டு நான்கிலும் நான்கு பெயர் இருந்தால் பல்கலைக்கழகப் பதிவிலும் வீசாவிலும் சத்தியக் கடதாசியோடு அலைய வேண்டும். 15 வயதானதும் அதிபர் ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே ஆங்கில எழுத்தை ஒன்றாக முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் கோப்பில் ஒட்டிவிடுங்கள். உயர்தர விண்ணப்பத்தில் அதே எழுத்து. பாடசாலை காட்டும் அச்சுப் பிரதியில் கையொப்பமிடுமுன் பெயர், பாட இலக்கம், மொழிமூலம் மூன்றையும் விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிழை கண்டால் அன்றே அதிபரிடம், அனுப்பிய பிறகு என்றால் பரீட்சைத் திணைக்களத்தின் 1911.